இரவில்லாக் கரையில் இரு நாள்

நோர்வே நாட்டிலே கைப்பணம் குறைந்தவன் நிம்மதியாய்த் தங்க இடமில்லை என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். விடுதிக் கட்டணத்தை மாத்திரம் பார்ப்பவர்களுக்கு அது மெய்யே. ஓரிரவு அறை வாடகைப் பணத்தில் இருவர் பல நாள் சமைத்து உண்ணலாம். ஆயினும் அங்கே 1957 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமொன்றுண்டு. நெடுங்கால வழக்கிலிருந்த ஓர் உரிமையை அது எழுத்தில் வைத்தது. பயிரிடப்படாத காடோ மலையோ கடற்கரையோ, எவருடைய உடைமையாயினும், வழிப்போக்கன் அதிலே நடக்கலாம், கூடாரமடித்து உறங்கலாம். ஆட்கள் வாழும் வீட்டுக்கு 150 மீற்றருக்குக் கிட்டக் கூடாரமடிக்கலாகாது. உயர்ந்த மலைகளும் ஊருக்குத் தொலைவான இடங்களும் நீங்கலாக, உடையவர் சம்மதமின்றி ஓரிடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்கலாகாது. வாடகை ஒரு சதமும் இல்லை.

இவ்வுரிமையை நம்பியே 2019 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நானும் என் மைத்துனனும் லொபோட்டன் தீவுகளுக்குப் புறப்பட்டோம். அவன் ஒஸ்லோவில் வாழ்பவன். நோர்வேயின் வடகோடி மீன் தொழிற்சாலைகளில் உழைத்து அந்நாட்டிலே காலூன்றிய நம்மவர் பலர். அவன் தகப்பனாரும் அவர்களில் ஒருவர். ஆதலின் அந்தக் குளிர் அவனுக்குப் புதிதன்று. எங்கள் முதுகுப் பொதிகளில் கூடாரம், உறக்கப்பை, சிறு அடுப்பு, அரிசி, பருப்பு, தேயிலை ஆகியன இருந்தன. அடுப்புக்குரிய வாயுப் புட்டியை விமானத்தில் ஏற்ற விடார்கள். போய் இறங்கும் ஊரிலேதான் வாங்கவேண்டும்.

போடோ துறையில் கப்பலேறினால் மூன்று மணி நேரத்துக்கு மேற் சென்று மொஸ்கெனெஸ் துறையை அடையலாம். மலைகள் கடலிலிருந்து மதில்போல் எழுந்து நிற்கின்றன. கரையோரமெங்கும் மரப் பரண்கள். பெப்ரவரி முதல் மே வரை கொட் மீனை உப்பிடாமலே காற்றில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். மீன் இத்தாலிக்கும் அதன் தலை நைஜீரியாவுக்கும் கப்பலேறும். நாங்கள் போனபோது பரண்கள் வெறுமையாய் இருந்தன. வாடை மாத்திரம் போகவில்லை. கருவாட்டு மணத்திலே வளர்ந்தவர்களுக்கு அது ஒரு குறையா?

பஸ்ஸிலிருந்து இறங்கிப் பிரெட்வாங் என்னும் சிற்றூரைக் கடந்து, குன்றொன்றில் ஒரு மணி நேரம் ஏறி இறங்கினால் குவால்விகா வரும். திமிங்கில விரிகுடா என்று பொருள். வீதி இல்லை, கடை இல்லை. வெண்மணலும் பச்சை நீரும், சூழ மலையும்.

“இந்த நிலம் யாருடையது? ஒருவரிடமும் சொல்லவேண்டாமா?” என்று கேட்டேன்.

“தேவையில்லை, அத்தான். போகும்போது நாங்கள் இருந்த அடையாளம் தெரியாவிட்டாற் போதும்” என்றான்.

வேலிக் கதியால் ஒரு முழம் நகர்ந்ததற்காகத் தலைமுறை தலைமுறையாய் வழக்காடுகின்ற ஊரிலே பிறந்த எனக்கு, முன்பின் அறியாதவர் நிலத்தில் முளையடிக்கக் கை கூசியது. முதல் மணி நேரம், எவரேனும் வந்து எழுப்புவார் என்றே காத்திருந்தேன். வந்தவை செம்மறியாடுகள் மாத்திரமே.

அந்த மாதத்தில் அங்கே சூரியன் மறைவதில்லை. நடுநிசியிலும் மலைமுகடுகளில் மஞ்சள் வெயில் கிடந்தது. மைத்துனன் கண்ணைத் துணியாற் கட்டிக்கொண்டு உறங்கினான். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பொதியின் அடியிலே போட்டேன். பசித்தபோது ஓடைநீர் எடுத்துப் பருப்பும் சோறும் சமைத்தோம். பாண் துண்டின்மேல் அந்நாட்டுப் பழுப்புப் பாற்கட்டியைச் சீவி வைத்துத் தின்றோம். கருகிய பாலும் சீனியும் கலந்தாற்போன்ற அதன் சுவை எனக்குப் பிடித்தது. தூக்கம் வந்தபோது தூங்கினோம். கடலிலே கால் நனைத்ததுடன் சரி, அவ்வளவு குளிர். அருகிலுள்ள ரீட்டென் மலை 543 மீற்றர் உயரம். அவன் ஏறி வந்தான். நான் கூடார வாயிலிலே படுத்திருந்தேன். ஒன்றுஞ் செய்யாதிருப்பதற்கென்றே இவ்வளவு தூரம் வந்தவன் மலை ஏறுவானேன்?

கரையின் ஓரத்தில் மண்ணிற் பாதி புதைந்த சிறு குடிலொன்று உண்டு. நோர்வே இளைஞர் இருவர், கடல் ஒதுக்கிய மரங்களைக் கொண்டு அதைக் கட்டி, குளிர்காலம் உட்பட ஒன்பது மாதம் வாழ்ந்தனர். அலையிற் சறுக்கி விளையாடினர். கரையொதுங்கிய குப்பை மூன்று தொன்னுக்கு மேற் சேர்த்தனர். அவ்வாழ்க்கையைக் காட்டும் அவர்களது திரைப்படம் 2012 இல் வெளிவந்தது.

படத்தின் பின் கூட்டமும் வந்தது. இப்பகுதி 2018 இல் தேசியப் பூங்காவாயிற்று. நாங்கள் தங்கிய முதல் நாளே இருபது கூடாரம் எண்ணினேன். பாறைகளின் பின்னே சிலர் விட்டுச்சென்ற காகிதங்களைப் பற்றி விரித்து எழுதுவது நாகரிகமன்று. சிறு மண்வெட்டி ஒன்றைப் பொதியில் வைத்திருக்கலாம் என்று மாத்திரம் சொல்லலாம். தீவுகளின் வேறு சில இடங்களில் கூடாரம் அடிப்பதைத் தடுக்கும் பலகைகள் ஏற்கெனவே நாட்டப்பட்டுவிட்டன. அப்பலகைகளைக் கண்டு நாட்டு மக்கள்மேற் கோபம் வரவில்லை. பணக்காரன் எப்படியும் அறை எடுத்துக்கொள்வான். பலகை தடுப்பது மாணவனையும் எங்களைப் போன்றவர்களையுமே.

இரண்டாம் இரவு மழை பிடித்தது. துணியின்மேற் பெய்யும் ஒலியைக் கேட்டுக்கொண்டு நெடுநேரம் கிடந்தோம். மூன்றாம் நாட்காலை ஈரக் கூடாரத்தை உதறிச் சுருட்டினோம். குப்பையைக் கட்டிய பையை மைத்துனன் தன் பொதியின்மேல் வைத்துக் கட்டினான். அன்றிரவு கட்டணங் கொடுக்கும் முகாம் ஒன்றிலே தங்குவதென்று முடிவு. அங்கே வெந்நீர்க் குளிப்பு உண்டாம்.