வைப்ரேட் மோடில் ஒரு உடம்பு

ராத்திரி பன்னெண்டரை இருக்கும். தூக்கம் கண்ணைச் சொக்குற நேரத்துல போன் வைப்ரேட் ஆச்சு. நைட் சப்போர்ட் வாரம். எடுத்தே ஆகணும், இல்லைன்னா காலையில மெயில்ல நம்மள வச்சு கும்மி அடிச்சிடுவாங்க. தலகாணிக்கு அடியில கைய விட்டா போன் இல்ல. எழுந்து பார்த்தா அது டேபிள் மேல சமத்தா சார்ஜ் ஏறிட்டு இருக்கு. ஒரு மிஸ்டு கால் கூட இல்ல.

சரின்னு திரும்பப் படுத்தேன். அஞ்சு நிமிஷத்துல மறுபடியும். இந்தத் தடவை நல்லாவே தெரிஞ்சது. அதிர்ந்தது போன் இல்ல, நான்.

எப்படி இருந்ததுன்னா... டவுன் பஸ்ல இன்ஜினுக்குப் பக்கத்து சீட்ல உக்கார்ந்திருக்கும்போது, சிக்னல்ல வண்டி நின்னா உடம்பெல்லாம் ஒரு அதிர்வு ஏறும் பாருங்க, அது மாதிரி. ஆனா ரொம்ப மெலிசா. நெஞ்சுக்கூட்டுல ஆரம்பிச்சு தொடை வரைக்கும் போகும். வலி கிடையாது. பத்து இருபது செகண்ட். புரண்டு படுத்தா நின்னுடும். கைய நீட்டிப் பார்த்தா விரல் ஆடல. காலையில முழிப்பு வர்ற அந்த அரை நிமிஷத்துலயும் இதே கதை. நடுவுல பகல் பூரா ஒண்ணும் கிடையாது.

ஒரு வாரம் தொடர்ந்து வந்ததும் என்னோட முதல் சந்தேகம் ஊர் மேல.

நான் இருக்கிறது ஒரகடம் பக்கத்துல மாத்தூர். ஸ்ரீபெரும்புதூர்னா ராமானுஜர் பிறந்த ஊர்னு எங்க பாட்டிக்குத் தெரியும். எங்க தலைமுறைக்கு அது கம்பெனி ஊர். 90களோட கடைசியில இருங்காட்டுக்கோட்டைல ஹூண்டாய், 2010ல ஒரகடத்துல ரெனோ-நிசான்னு வரிசையா வந்து, இப்ப இந்த வட்டாரமே மூணு ஷிஃப்ட்ல மூச்சு விடுது. ராத்திரி ரெண்டு மணிக்கும் கார் ஏத்துற ட்ரெய்லர், கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ்னு போய்க்கிட்டே இருக்கும். எங்க ரூம் ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடும். அப்ப கட்டிலும் ஆடும், நானும் ஆடுவேன். கேஸ் முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

முடியல. ஏன்னா என் பொழப்பே அதிர்வுதான். ஃபேக்டரில இருக்கிற மோட்டார், பம்பு, ப்ளோயர் மேல சென்சார் ஒட்டி, எவ்வளவு அதிருதுன்னு பார்த்து, பேரிங் போறதுக்கு முன்னாடியே ஆளுங்களை எச்சரிக்கிற சாஃப்ட்வேர்ல ஆணி புடுங்குறேன். அப்படிப்பட்டவன் அளக்காம ஒரு முடிவுக்கு வரலாமா?

போன்ல ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப் இருக்கு. ஜெர்மனியில ஆஹன் பல்கலைக்கழகத்துக்காரங்க செஞ்சது. போன்ல இருக்கிற ஆக்ஸிலரோமீட்டர் என்ன சொல்லுதுன்னு கிராஃப் போட்டுக் காட்டும். தரையில வச்சேன், கட்டில் சட்டத்துல வச்சேன். மனுஷன் எவ்வளவு அதிர்வை உணருவான்னு ஐஎஸ்ஓ 2631ல ஒரு கணக்கு உண்டு. முழிச்சிருக்கிற, நல்ல ஆரோக்கியமான ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு உச்ச முடுக்கம் 0.015 மீட்டர்/செகண்ட்² இருந்தாலே தெரிய ஆரம்பிக்கும். புவியீர்ப்புல கிட்டத்தட்ட 650ல ஒரு பங்கு! மனுஷ உடம்பு அவ்வளவு நல்ல சென்சார். என் போனோட சொந்த இரைச்சலே அந்த ரேஞ்சுக்கு வருது, அதனால சின்ன அதிர்வை அது பிடிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ட்ரெய்லர் போனப்ப கிராஃப் துள்ளுச்சு. எனக்கு அதிர்ந்தப்ப துள்ளல. எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி ஊத்தி வச்சும் பார்த்துட்டேன். தண்ணி தேமேன்னு இருந்துச்சு.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சாத்தூர் பக்கம். ராத்திரி ஒன்பதுக்கு மேல அங்க ஒரு சைக்கிள் போனாலே அதிசயம். திண்ணையில பாய் விரிச்சுப் படுத்தேன். கண்ணு சொருகுச்சு. விர்ர்ர்...

ஒரகடம் நிரபராதின்னு அன்னைக்குத் தீர்ப்பாச்சு.

அடுத்து போனை நெஞ்சு மேலயே வச்சுப் பார்த்தேன். அலை அலையா ஒரு கிராஃப் வந்துச்சு. பயந்துட்டேன். அப்புறம் தேடிப் படிச்சா அது என் இதயம். ஒவ்வொரு துடிப்புலயும் ரத்தம் பாயும்போது துப்பாக்கி சுட்டா தோள்ல இடிக்கிற மாதிரி உடம்பு லேசாப் பின்வாங்குமாம். இதை 1939லயே ஐசக் ஸ்டார்னு ஒரு அமெரிக்க டாக்டர் ஆளை ஆடுற மேசையில படுக்க வச்சு அளந்திருக்கார். பெங்களூர்ல டோசின்னு ஒரு கம்பெனி மெத்தைக்கு அடியில ஒரு ஷீட்டைப் போட்டு இதே தத்துவத்துல நாடித்துடிப்பு எடுக்குது. ஆனா அது செகண்டுக்கு ஒண்ணு ஒண்ணரை துடிப்பு. எனக்கு வந்தது அது இல்ல. அதைவிட எத்தனையோ மடங்கு வேகம்.

இங்கதான் விளையாட்டு முடிஞ்சது.

எங்க தாத்தாவுக்கு நடுக்குவாதம். அப்பாவோட அப்பா. கடைசி ஏழு வருஷம் காபி டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குவார், அப்படியும் பாதி வேட்டியில சிந்தும். யாராவது பார்த்துட்டா சிரிச்சு மழுப்புவார். அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவே மறக்காது. ராத்திரி மூணு மணிக்குக் கூகுள்ல தேடினா என்ன கிடைக்கும்? 1996ல வந்த ஒரு ஆய்வு. நடுக்குவாத நோயாளிகள்ல 44 சதவீதம் பேர், வெளியில தெரியாத நடுக்கத்தை உள்ளுக்குள்ள உணர்றதாச் சொல்லியிருக்காங்க. அதைப் படிச்சவன் தூங்குவானா? வீட்ல மூச்சு விடல. தினமும் பல்லு விளக்கும்போது கைய நீட்டி விரலைப் பார்க்கிறது ஒரு சடங்கா ஆயிடுச்சு.

அம்மா மட்டும் எப்படியோ கண்டுபிடிச்சுட்டாங்க. போன்ல குரலே காட்டிக்கொடுத்துடும் போல. பாதிதான் சொன்னேன்.

"அமுக்குவான்டா ராசா. விபூதி பூசிட்டுப் படு. மல்லாக்கப் படுக்காத."

சிரிச்சேன். ஆனா அம்மா ரொம்ப தூரம் தள்ளிப் போகல. அமுக்குவான்கிறது தூக்க முடக்கம். கனவு வர்ற தூக்கத்துல, கனவுல ஓடுறதை நிஜமா ஓடாம இருக்க மூளை தசைகளை ஆஃப் பண்ணி வைக்கும். ஆஃப்லயே இருக்கும்போது முழிப்பு வந்துட்டா, கண்ணு தெரியும், உடம்பு அசையாது, நெஞ்சு மேல யாரோ உக்கார்ந்த மாதிரி இருக்கும். 2011ல பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததுல பொதுமக்கள்ல 7.6 சதவீதம் பேருக்கு வாழ்நாள்ல ஒரு தடவையாவது வந்திருக்கு. மல்லாந்து படுத்தா அதிகம் வருதுங்கிறதும் ஆராய்ச்சியாளர்கள் சொல்றதுதான் (அம்மா 1, கூகுள் 0). அந்த நேரத்துல மிதக்கிறது, விழறது, உடம்பெல்லாம் அதிர்றதுன்னு சொல்றவங்களும் உண்டு. அமெரிக்காவுல ராபர்ட் மன்றோன்னு ஒருத்தருக்கு 1958ல இந்த அதிர்வு ஆரம்பிச்சு, டாக்டர்கிட்ட காட்டினா ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. அவர் 1971ல, உடம்பை விட்டு வெளிய போய் வந்தேன்னு புத்தகமே எழுதிட்டார். நான் எங்கயும் போகல. மாத்தூர் ரூம்லயேதான் கிடந்தேன். எனக்கு உடம்பும் முடங்கல, நினைச்சா அசைக்க முடிஞ்சது. அதனால பக்கத்து வீடு, ஆனா அதே வீடு இல்ல.

கடைசியில சென்னையில ஒரு நரம்பியல் டாக்டர்கிட்ட போனேன். ஆள்காட்டி விரலால கட்டைவிரலை வேகமாத் தட்டச் சொன்னார். சுருள் வரையச் சொன்னார். மணிக்கட்டைப் பிடிச்சு மடக்கி நீட்டிப் பார்த்தார். நடந்து திரும்பி வரச் சொன்னார். தைராய்டு, பி12, சர்க்கரை எல்லாம் எடுத்தாச்சு. எல்லாம் நார்மல்.

"நடுக்குவாதம்னு சொல்ல முதல்ல அசைவுல மந்தம் வேணும். உங்களுக்கு அது இல்ல. தாத்தாவை விட்டுடுங்க"ன்னார்.

தாத்தாவை எங்க விடுறது... ஆனா மூச்சு வந்துச்சு.

அப்புறம் ஷிஃப்டைப் பத்திக் கேட்டார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. காபி? ஆறு, நைட்டுன்னா எட்டு. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். குடிச்ச காஃபின்ல பாதி வெளியேறவே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகுமாம். எல்லா மனுஷனோட தசையும் செகண்டுக்கு 8ல இருந்து 12 தடவை கண்ணுக்குத் தெரியாம நடுங்கிக்கிட்டேதான் இருக்கு, களைப்பும் காபியும் பயமும் அதைக் கூட்டும்னார். தூங்கப் போகும்போது வெளி உலகச் சத்தம் அடங்கி, உள்ள இருக்கிறது பெருசாக் கேட்கலாம். இது ஒரு சாத்தியம்தான், நிரூபிச்ச முடிவு இல்லைன்னு அவரே சொன்னார். லாங் கோவிட் வந்தவங்ககிட்ட யேல் பல்கலைக்கழகம் நடத்தின ஆய்வுல மூணுல ஒரு பங்குக்கு மேல இந்த உள் அதிர்வைச் சொன்னாங்களாம். நிறைய பேரை "மனப்பிரமை"ன்னு திருப்பி அனுப்பியிருக்காங்களாம்.

கிளம்பும்போது நான் கேட்டேன், "அப்ப ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லைங்களா சார்?"

"ரிப்போர்ட்ல இல்ல. ஆனா உங்களுக்கு இருக்குல்ல? நாம அளந்ததுல வரல, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்."

பஸ்ல வரும்போது அந்த ஒரு வரி மட்டும் சுத்திக்கிட்டே இருந்தது. ஏன்னா அதை நான் இதுக்கு முன்னாடி வேற ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கேன். கேட்டு, காதுல வாங்காம விட்டிருக்கேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, நாங்க சென்சார் மாட்டியிருந்த ஒரு ஃபேக்டரியில ஒரு அண்ணன். பன்னெண்டு வருஷ சர்வீஸ். ஒரு ப்ளோயர் சரியில்லைன்னு கம்ப்ளெயின்ட் கொடுத்தார். நான் டேஷ்போர்டைத் திறந்தேன். பச்சை. ஒரு மாச டேட்டாவும் பச்சை. "கோளாறு இல்லை"ன்னு டிக்கெட்டை மூடப் போனேன்.

"ஸ்டார்ட் ஆகும்போதும் நிக்கும்போதும் அதிருது சார். ஒரு தடவை கைய வச்சுப் பாருங்க"ன்னார்.

"டேட்டால வரலையேண்ணே"ன்னு சொல்லிட்டு மூடிட்டேன். கைய வைக்கல.

மூணு வாரம் கழிச்சு சி ஷிஃப்ட்ல அது நின்னுச்சு. லைன் நாலு மணி நேரம் படுத்துச்சு. அப்புறம்தான் பார்த்தோம். எங்க சாஃப்ட்வேர் ப்ளோயர் முழு வேகத்துல ஓடும்போது மட்டும்தான் அளவு எடுக்குற மாதிரி செட் பண்ணியிருக்கு. சில சுழல்ற மெஷின்கள் வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் தன்னோட இயல்பு அதிர்வெண்ணைக் கடந்துதான் போகும். அடித்தளத்து போல்ட்டு தளர்ந்திருந்தா அந்த இடத்துலதான் ஆட்டம் காட்டும். அந்த ரெண்டு நேரத்தையும் நாங்க அளக்கவே இல்ல. அண்ணன் கை அளந்துச்சு.

தூங்கும்போதும் முழிக்கும்போதும் மட்டும் அதிர்ற உடம்பும், ஸ்டார்ட் ஆகும்போதும் நிக்கும்போதும் மட்டும் அதிர்ற ப்ளோயரும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. உடம்பு மெஷின் கிடையாது. ஆனா சொன்ன ரெண்டு பேரோட நிலைமை ஒண்ணுதான். அவருக்கு நான் கிடைச்சேன். எனக்கு அந்த டாக்டர் கிடைச்சார்.

அடுத்த வாரம் சி ஷிஃப்ட் முடிஞ்சு பஸ் ஏற வந்தவரைப் பிடிச்சேன். காலையில ஆறரை. டீக்கடையில ரெண்டு டீ சொல்லிட்டு (எனக்குப் பால்) பழைய விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "அட, அதை விடுங்க சார்"னார். பேச்சு வாக்குல என் கதையையும் சொன்னேன். டீ கிளாஸ் அப்படியே நின்னுச்சு.

"எனக்கும் வரும் தம்பி. நைட் முடிச்சுட்டுப் பகல்ல படுக்கும்போது. ஏழெட்டு வருஷமா."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களாண்ணே?"

"என்னன்னு சொல்ல? கை நடுங்கலை, காய்ச்சல் இல்ல. ஃபிட் இல்லைன்னு எழுதிட்டா வேலை போயிடும். வீட்ல சொன்னா பயப்படுவாங்க."

ஏழெட்டு வருஷம். நான் மூணு மாசத்துக்கே ஆடிப்போயிட்டேன்.

அந்த டாக்டரோட நம்பரைக் கொடுத்தேன். போனார். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்குன்னு மாத்திரை கொடுத்திருக்காங்க. அதிர்வுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கோ இல்லையோ, சர்க்கரையாவது மாட்டுச்சு.

எனக்கு? காபி ரெண்டாச்சு. நைட் வாரத்துல தூங்குற நேரத்தை மாத்தாம வச்சுக்கிறேன். அதிர்வு மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை எட்டிப் பார்க்குது. வந்தா புரண்டு படுத்துக்கிறேன். விரலை நீட்டிப் பார்க்கிறதை நிறுத்திட்டேன். அந்த ஃபேக்டரியில இப்பல்லாம் ஸ்டார்ட், ஸ்டாப் ரெண்டுலயும் அளவு எடுக்குறோம். டேஷ்போர்டு பச்சையா இருந்தாலும் நான் போய்க் கைய வச்சுப் பார்த்துட்டுத்தான் டிக்கெட்டை மூடுறேன்.

டிஸ்கி: பொட்டி தட்டுறவன் சொன்னான்னு சும்மா இருந்துடாதீங்க. கை கால் வெளிப்படையா நடுங்குனா, பகல்லயும் வந்தா, மரத்துப் போனா, எடை குறைஞ்சா, ஏதாவது மாத்திரை ஆரம்பிச்ச பிறகோ நிறுத்தின பிறகோ வந்தா, உடனே டாக்டரைப் பாருங்க. ஒண்ணும் இல்லைன்னு சொன்னாலும் பரவாயில்ல, சொல்லிட்டு வாங்க.