இடக்கைக்கு ஒரு கட்டை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலை நம் சங்கத்து அன்பர்கள் பலவாறாகக் கழிக்கின்றனர். சிலர் சீட்டாடுவர், சிலர் உறங்குவர். எனக்கோ மரவேலையில் ஒரு பித்து உண்டு. நாகபுரிக்குக் குடிவந்த நாள்முதல் எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் இழைப்புளியும் உளியும் ஓய்ந்திருந்த மாதம் குறைவு.

சென்ற ஆண்டு என் மகள், பரணில் கிடந்த என் தந்தையாரின் காற்றுத் துப்பாக்கியைக் கண்டெடுத்தாள். அவளுக்கு வயது பன்னிரண்டு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பைப் போட்டியில் பத்து மீட்டர் பிரிவில் தங்கம் வென்ற செய்தியை எங்கோ படித்திருக்கிறாள். நம்மைப் போன்றே வெளியூரில் வளர்ந்த பெண் என்பதில் அவளுக்குப் பெருமை. அந்தப் போட்டியில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான் என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. அது உண்மையே.

துப்பாக்கி நல்ல நிலையில் இல்லை. மரக்கட்டை பிளந்திருந்தது. அன்றியும் கன்னம் பதியும் மேடு இடப்புறத்தில் இருந்தது. என் மகளோ இடக்கைப் பழக்கமுள்ளவள். அவளுக்கு மேடு வலப்புறம் வேண்டும். நீளமும் ஒன்றரை அங்குலம் குறைய வேண்டும். ஆகவே புதுக் கட்டை செய்வதென்று துணிந்தேன். குழலின் துளை 4.5 மில்லிமீட்டருக்குள்ளும் வலிமை 20 ஜூலுக்குள்ளும் அடங்கிய துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. எனினும் அதன் வலிமையைக் கூட்டும் எண்ணம் எனக்குக் கனவிலும் இல்லை. பறவைகளைக் குறிவைப்பதில்லை என்பதும் முதல்நாளே எங்களுக்குள் ஏற்பட்ட உடன்படிக்கை.

மர அறுவை ஆலையில் சீசம் பலகை ஒன்று வாங்கினேன். கட்டையின் கழுத்துப் பகுதியில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அவ்விடத்தில்தான் முறியும். இரும்பு உருளை அமரும் பள்ளத்தைக் குடைவதே பெரும்பாடு. இரும்பில் மை தடவிக் கட்டையில் அழுத்தினால், மேடான இடத்தில் மை ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் செதுக்க வேண்டும். இதற்காக என் மனைவியின் கண்மைச் சிமிழ் இரண்டு தீர்ந்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை; மூன்றாவதை ஒளித்து வைத்தாள்.

பிறகு உப்புத்தாள். சொரசொரப்பானதில் தொடங்கி மென்மையானது வரையில் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தால் மரத்தின் நார் முள்முள்ளாக எழும். உலர்ந்தபின் மீண்டும் தேய்க்க வேண்டும். இவ்வாறு மும்முறை. அதன்மேல் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் மெல்லிதாகத் தேய்த்தோம்; நாளைக்கு ஒரு பூச்சு, பத்து நாள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடலாகாது. அது தானே சூடேறித் தீப்பற்றும். என் மகள் அதை ஒவ்வொரு நாளும் கொடியில் விரித்து உலர்த்தினாள். பத்தாம் நாள் அக்கட்டை நிறம் ஆழ்ந்து, தேன்போல் மின்னியது. அவள் கன்னத்தை வைத்துப் பார்த்து, "எனக்கென்றே முளைத்த மரம் போலிருக்கிறது, அப்பா" என்றாள்.

அந்தச் சொல்லோடு நான் நின்றிருக்கலாம்.

விசையின் இழுப்பு அவள் விரலுக்குச் சற்றுக் கடினமாக இருந்தது. உள்ளே இரண்டு எஃகுத் துண்டுகள் ஒன்றையொன்று மெல்லிய விளிம்பில் கவ்விக்கொண்டு, அழுத்தப்பட்ட சுருள்வில்லைத் தாங்கி நிற்கின்றன. அவ்விளிம்பைச் சிறிது குறைத்தால் இழுப்பு இலகுவாகும். மரம் என் கைக்கு வசப்பட்ட செருக்கில் அரத்தை எடுத்தேன். ஐந்தாறு இழுப்புதான். விசை வெண்ணெய்போல் ஆயிற்று. நானே நாற்பது முறை சுட்டுப் பார்த்தேன்; குறை ஏதும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மொட்டைமாடியில், கந்தல் துணி திணித்த பெட்டியின்மேல் குறித்தாளை ஒட்டினோம். நான் குழலை மடித்து வில்லை ஏற்றி, கட்டையைத் தொடையில் ஊன்றி, திறந்த குழலின் வாயை அவள்புறம் காட்டினேன். ஈயக் குண்டைக் கட்டைவிரலால் அழுத்திச் செருக வேண்டியது அவள். குண்டு கைதவறி விழுந்தது. "இருங்கள் அப்பா" என்று குனிந்தாள்.

எவரும் விசையைத் தொடவில்லை. வில் தானே விடுபட்டது. மடிந்திருந்த குழல் சம்மட்டிபோல் மேலே அறைந்து மூடிக்கொண்டது. ஒரு கணம் முன்பு அங்கே அவள் விரல் இருந்திருக்கும்.

புதுக் கட்டையின் கழுத்தில் கீறல் ஓடியிருந்தது; குழலும் வளைந்திருந்தது. சத்தம் கேட்டு மாடிக்கு வந்த மனைவியிடம், "பழைய துப்பாக்கி" என்று தொடங்கினேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளதைச் சொன்னேன். அன்றிரவு எங்கள் வீட்டில் பேச்சில்லை.

துப்பாக்கி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் அந்த எஃகுத் துண்டைக் காட்டினார். அதன் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டதாம். அந்தத் தோல் மிக மெல்லியது. நான் அதை அராவிவிட்டேன். அடியிலிருந்த மென்மையான இரும்பு நாற்பது முறை தாங்கி, பின்பு மழுங்கி வழுக்கிவிட்டது. நான் சோதித்துப் பார்த்ததாக நினைத்தது உண்மையில் அதைத் தேய்த்ததே. அவர் இரு துண்டுகளையும் குழலையும் மாற்றித் தந்தார். குண்டு செருகும்போது மற்றொரு கை குழலை விடாமல் பற்றியிருக்க வேண்டும் என்று, என்னிடம் அன்று, என் மகளிடம் சொன்னார்.

இழுப்பு பழையபடி கடினமாகவே இருக்கிறது. அவள் விரல்தான் வலுப்பெற்று வருகிறது. கீறிய கட்டையைப் பசையிட்டு இணைக்கலாமென்றேன், அவள் வேண்டாமென்றாள். அதே ஆலையில் மறுபடியும் பலகை வாங்கினோம். இம்முறை பள்ளம் குடைவது அவள்; மை கேட்டபோது என் மனைவியே எடுத்துக் கொடுத்தாள். எண்ணெய் ஆறாம் பூச்சில் இருக்கிறது.