ஓயாத காவற்குரல்



காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவதிப்படுபவர் உங்கள் வீட்டில் உண்டா? என் ராத்தா அப்படித்தான் இருந்தார். தேங்காய்ப்பால் பிழிய முடியாது. ரொட்டிக்கு மாக் குழைக்க முடியாது. "வயது போனால் வாதம் வரும்தானே" என்று சொன்னவன் நான்தான். பூசுவதற்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். சுகமில்லை என்றதும் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதாக எண்ணி, அதைக் கூட்டும் மருந்து தேடித் திரிந்தேன். ஒன்றரை வருடம் இப்படியே கழிந்தது.

வைத்தியர் சொன்னதோ வேறு. எதிர்ப்புச் சக்தி குறையவில்லை, நிலை தடுமாறிவிட்டதாம்.

நமது உடலில் கிருமிகளை விழுங்கும் கலங்கள் உள்ளன. அவற்றில் பெரியவை மெக்ரோபேஜ். 1882இல் இத்தாலியின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் குடம்பிக்குள் ரோஜா முள்ளைச் செலுத்திய மெட்ச்னிகோவ் என்ற விலங்கியல் அறிஞர், மறுநாள் அம்முள்ளை இத்தகைய கலங்கள் சூழ்ந்து நிற்கக் கண்டார். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மெக்ரோபேஜ் விழுங்குவதோடு நிற்பதில்லை. டி.என்.எப். போன்ற புரதங்களைச் சுரந்து மற்றக் கலங்களைத் துணைக்கு அழைக்கிறது. காயம்பட்ட இடம் சிவந்து, வீங்கிச் சூடாவது அதனால்தான். ஆபத்து நீங்கியதும் அந்தக் குரல் ஓய வேண்டும். முடக்குவாதத்தில் ஓய்வதில்லை. கள்ளன் இல்லாத வீட்டில் காவற்காரன் இராப்பகலாகக் கூவி ஊரைத் திரட்டினால் வீடு என்னவாகும்? மூட்டின் குருத்தெலும்பும் எலும்பும் அப்படித்தான் அரிக்கப்படுகின்றன.

1992இல் லண்டனில் மைனி, பெல்ட்மன் என்ற இரு வைத்திய அறிஞர்கள் இப்புரதத்தைத் தடுக்கும் மருந்தை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கமும் வலியும் குறைந்தன. அவ்வகை ஊசிகள் இன்று பாவனையில் உள்ளன. எனினும், அவற்றைப் போடுமுன் கசநோய் உண்டா எனப் பரிசோதிப்பார்கள். உடலில் உறங்கும் கசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்து அடக்கி வைக்க உதவுவதும் இதே புரதம்தான். ஆகவே அது நமது எதிரியல்ல. அளவு மீறியதே நோய்.

மாத்திரைகளால் ராத்தாவின் வலி தணிந்துவிட்டது. ஆனால், கோணிய இரண்டு விரல்கள் நிமிரவில்லை. என் அலட்சியத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

இந்நோய் ஆண்களை விடப் பெண்களையே கூடுதலாகப் பிடிக்கிறது. அடுப்படி வேலை நின்றுவிடும் என்று வலியை மறைப்பவர்களும் நீங்கள்தான். மறைக்காதீர்கள் சகோதரிகளே! விரல் வீங்கி விறைத்தால், கோணும் வரை காத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள். "வயது போனால் வரும்தானே" என்று வீட்டில் எவராவது சொன்னால், இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.