மோட்டாரில் எழுதிய எண்

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வேலையை விட்டேன். கோவையின் சிறுகடைகளுக்கு பில்லிங் மென்பொருள் போட்டுக்கொடுத்துப் பராமரிக்கும் தொழில். ஆறு மாதம் அறைக்குள் உட்கார்ந்து நிரல் எழுதினேன். வேலை சுத்தமாக இருந்தால் ஆள் தானாக வரும் என்று நம்பினேன். மார்ச் வரை வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மாமா. சேமிப்பு கரைந்துகொண்டிருந்தது.

அந்தக் கோடையில் வீட்டு மோட்டார் காயில் எரிந்துவிட்டது. வைண்டிங் கட்டி மாட்டிய அண்ணன், கிளம்பும் முன் அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் தேதியும் தன் போன் நம்பரும் எழுதினார்.

"எதுக்குங்ணா?"

"அடுத்தவாட்டி நின்னு போச்சுன்னா மொதல்ல இதத்தானுங்க தம்பி பாப்பீங்க."

சேலையைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். சேவையை அப்படி வாங்க முடியாது. காசு கொடுத்த பிறகுதான் தரம் தெரியும். அதுவரை நம்புவதற்கு ஒரு முகமோ எண்ணோ கண்ணில் பட வேண்டும். நானோ என்னைச் சொல்லிக்கொள்வதே கௌரவக் குறைச்சல் என்று இருந்தேன். உள்ளே இருந்தது, முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்பார்களோ என்ற பயம்.

மறுநாள் கடைவீதியில் இறங்கினேன். பதினோரு கடையில் 'வேண்டாம்' என்றார்கள். பன்னிரண்டாவது கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

இன்று அவர் கடை பில்லின் அடியில், சின்ன எழுத்தில், என் எண் இருக்கிறது.