சும்மா இருக்கும் கால்

பள்ளி மாணவிகளுக்கு மின்னணுவியல் சொல்லித்தர, பொறியியல் படிக்கும் மகள் தமிழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். "பிழை பார்த்துக் குடும்மா" என்றாள். ஒரு தலைப்பு: 'பயன்படாத கால்கள்'.

ஆர்டுவினோ பலகையில் பூரான்போல் உட்கார்ந்திருந்த சில்லைக் காட்டினாள். ஏடிமெகா328பி. 28 கால்கள். அவற்றில் 23 கால்களை நிரல் எழுதி உள்ளீடாகவோ வெளியீடாகவோ ஆக்கலாம். அவளுக்குத் தேவைப்பட்டவை நான்கே.

"மிச்சமெல்லாம் சும்மா இருக்கா?"

"சும்மா இருக்காதும்மா, இங்க பாரு." எதிலும் இணைக்காத ஒரு காலின் நிலையைக் கணினியில் ஓடவிட்டாள். 0, 1, 1, 0. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் எண்கள் மாறின. மிதக்கும் கால் என்று இதற்குப் பெயர். நிலையான மின்னழுத்தம் இல்லாததால் சுற்றியிருக்கும் இரைச்சலெல்லாம் அதை இழுக்கும். உள்ளே இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களில் ஒன்று மூடியிருக்க வேண்டும். இடைப்பட்ட அழுத்தத்தில் இரண்டும் அரைகுறையாகத் திறந்து மின்சாரம் வீணாக ஓடும்.

முனைவர் பட்டம் வாங்கிய பிறகு ஆறு வருஷம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். "சும்மாதானே இருக்கே" என்று சொல்லித்தான் எல்லாரும் கூப்பிட்டார்கள். நாத்தனார் பிரசவத்துக்கு, மாமியார் கண் ஆபரேஷனுக்கு, பக்கத்து வீட்டு காஸ் சிலிண்டரை வாங்கி வைக்க. ராத்திரி ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். ஆனால் களைத்திருப்பேன்.

"அப்ப ஒரேயடியா கட்டிப்போட்டுட வேண்டியதுதானே?" என்றேன்.

"நேரா சப்ளையோடவோ கிரவுண்டோடவோ கட்டக் கூடாதும்மா. தப்பித் தவறி அது வெளியீடா மாறி எதிர் அழுத்தம் கொடுத்தா, மின்சாரம் தாறுமாறா பாஞ்சு கெட்டுப்போகலாம்."

சில்லுக்குள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான மின்தடை இருக்கிறது. நிரலில் ஒரு வரி எழுதினால் அது காலை மெல்ல மேலே இழுத்துப் பிடிக்கும். வேண்டும்போது இன்னொரு வரியில் விடுவிக்கலாம்.

சும்மா இருப்பவளை நேராக அடுப்போடு கட்டத்தான் வீடுகளுக்குத் தெரியும். என்னை மெல்லப் பிடித்தவள் ஒரு தோழி. மாதம் ஒருமுறை போன் செய்து, "என்ன எழுதினே?" என்பாள். அவ்வளவுதான். கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தபோது எழுந்துபோக என்னிடம் ஏதோ மிச்சமிருந்தது.

அவள் தொடாத கால்களில் 28ஆவதும் ஒன்று. அது அனலாக் அளவை வாங்கும். ஐ2சி தொடர்பில் கடிகாரத் துடிப்பையும் கடத்தும். தலைப்பை அடித்து 'பயன்படுத்தப்படாத கால்கள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

இல்லை. முதல் சொல்லில் குறை காலுடையது. இரண்டாவதில், பயன்படுத்தாமல் விட்டது யார் என்று கேட்க இடமிருக்கிறது.