கடை ரெடி, பெயர்தான் இல்லை!

ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டு வந்த நம்மூர் அப்பா அம்மாக்கள் இதைக் கவனித்திருக்கலாம். உள்ளே விற்பது பர்கர் கிங்கின் 'வாப்பர்' பர்கர். ஆனால், வாசல் போர்டில் இருப்பது 'ஹங்ரி ஜாக்ஸ்' என்ற பெயர்!

ஜாக் கோவின் கனடாவில் பிறந்தவர். 30 கனடாக்காரர்களிடம் ஆளுக்கு 10,000 டாலர் கடன் வாங்கிக்கொண்டு, 1969-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் முதலில் கே.எஃப்.சி கடை போட்டார். ஊரில் முப்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் ஒருவருக்குத் தூக்கம் எப்படி வரும் என்பது தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். அடுத்து பர்கர் கிங் உரிமம் கையில் வந்தது. உலகமறிந்த பெயர், போர்டு மாட்டினால் கூட்டம் வரும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அங்கேதான் சிக்கல். 'பர்கர் கிங்' என்ற பெயரை அடிலெய்டு நகரில் ஒரு சின்ன டேக் அவே கடை ஏற்கெனவே தன் பெயரில் பதிவு செய்து வைத்திருந்தது. அமெரிக்காவில் எத்தனை கடை இருந்தாலும், அமெரிக்க டிரேட் மார்க் அமெரிக்காவுக்குள் மட்டும்தான் செல்லும். ரேஷன் கார்டு மாதிரி, எல்லை தாண்டினால் வெறும் அட்டை! அந்தச் சின்னக் கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் ஊரில், அவர் முறைப்படி வாங்கிய பெயர் அது.

கம்பெனி தன்னிடமும், தன் தாய் நிறுவனமான பில்ஸ்பரியிடமும் இருந்த பெயர்களின் பட்டியலை நீட்டியது. அதில் 'ஹங்ரி ஜாக்' என்று ஒரு பான்கேக் மாவின் பெயர் இருந்தது. ஜாக் என்பது அவர் பெயரும்கூட. கடைசியில் ஓர் 'ஸ்' சேர்த்துக்கொண்டார். 1971 ஏப்ரல் 18-ல், பெர்த்தின் இன்னலூ பகுதியில் முதல் கடை திறந்தது.

பெயர் மாறியதால் கடை படுத்துவிடவில்லை. மாறாக, ஆஸ்திரேலியர்களுக்கு அதுவே சொந்தப் பெயராகிவிட்டது. கஷ்டம் வந்தது 25 வருடம் கழித்து. 1990-களில் அந்த அடிலெய்டு பதிவு காலாவதியானது. உடனே அமெரிக்க நிறுவனம், 'ஒப்பந்தப்படி புதுக் கடைகள் திறக்கவில்லை' என்று கோவினின் ஒப்பந்தத்தை முறித்து, சொந்தப் பெயரில் தானே கடைகளைத் திறந்தது. கட்டிய வீட்டிலிருந்து வெளியே போகச் சொன்னது போலத்தான். அவர் கோர்ட்டுக்குப் போனார். 2001-ல் நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. நிறுவனம் நல்லெண்ணத்தோடு நடக்கவில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். 2003-க்குள் ஆஸ்திரேலியாவின் பர்கர் கிங் கடைகளும் ஹங்ரி ஜாக்ஸாக மாறிவிட்டன.

இங்கிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் மசாலா பொடி, முறுக்கு அனுப்புகிறவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் ஊன்றிப் படிக்கலாம். மாட்ரிட் புரோட்டோகால் என்ற சர்வதேச ஏற்பாட்டில் இந்தியா 2013-ல் சேர்ந்தது. நம் டிரேட் மார்க் பதிவகம் வழியாக ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கலாம். சிங்கப்பூர் அதில் இருக்கிறது. மலேசியா 2019-லும், ஐக்கிய அரபு அமீரகம் 2021-லும் சேர்ந்துவிட்டன. விண்ணப்பம் ஒன்றானாலும், அந்தந்த நாடு தன் சட்டப்படி பார்த்துத்தான் முடிவு சொல்லும். அங்கே ஓர் அடிலெய்டு கடைக்காரர் முந்தியிருந்தால் கதை முடிந்தது. அதனால் பேக்கிங் கவர் அச்சடிப்பதற்கு முன்பே, உலக அறிவுசார் சொத்து அமைப்பின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்ப்பது நல்லது. இலவசம்தான். இந்தியாவில் விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டிலும் விண்ணப்பித்தால், இந்தியத் தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கேட்கலாம். முதல் ஐந்து வருடத்துக்குள் இங்குள்ள பதிவு ரத்தானால், அதை நம்பி வாங்கிய சர்வதேசப் பதிவும் கூடவே போய்விடும்.

ஹங்ரி ஜாக்ஸின் பெயர்ச் சண்டை அதோடு ஓயவில்லை. 2020-ல் 'பிக் ஜாக்' என்று ஒரு பர்கரை இறக்க, 'எங்கள் பிக் மேக் மாதிரியே இருக்கிறது' என்று மெக்டொனால்ட்ஸ் வழக்குப் போட்டது. 2023-ல் பெயர் விஷயத்தில் ஹங்ரி ஜாக்ஸே ஜெயித்தது. ஆனால், 'பிக் மேக்கைவிட 25 சதவிகிதம் அதிக இறைச்சி' என்ற விளம்பரம் மட்டும் பொய் என்று கோர்ட் சொல்லிவிட்டது!