படிக்கட்டும் பலகையும்

பத்தே நிமிடம் என்றார்கள்! கைப்பேசியின் கண்ணாடியைத் தேய்த்தால் பால் வரும், பருப்பு வரும், பழம் வரும், பேனா வரும் என்றார்கள். வந்தன. அலாவுதீன் கதையிலே விளக்கைத் தேய்த்தால் பூதம் வரும். இங்கே கண்ணாடியைத் தேய்த்தால் மனிதன் வந்தான். பூதத்துக்குப் பசியில்லை, களைப்பில்லை, வீட்டிலே காத்திருக்கும் தாய் இல்லை. மனிதனுக்கு அவை அத்தனையும் உண்டு. அந்த வேறுபாட்டை நாம் மறந்திருந்தோம். நினைவூட்டியவன் நம்மிடம் படித்த மாணவன். வெட்கத்தோடு அந்தக் கதையை இங்கே எழுதுகிறோம்.

நாம் சென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிப்பவர். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நான்காம் மாடியில் வாடகைக்கு வாழ்பவர். 2025ஆம் ஆண்டுக் கார்த்திகை மழை. மறுநாள் வகுப்புக்கு வேண்டிய வரைபடத் தாள்களையும் வண்ணப் பென்சில்களையும் வாங்க மறந்து வீடு திரும்பினோம். செயலியிலே கேட்டோம். பத்து நிமிடம் என்றது. பத்து பதினைந்தாயிற்று, பதினைந்து இருபத்தைந்தாயிற்று. தெருவிலே முழங்கால் அளவு நீர். நம் உள்ளத்திலோ கழுத்தளவு கோபம்! "உங்கள் ஆள் எங்கே தூங்குகிறான்?" என்று நிறுவனத்துக்கு முறையீடு எழுதினோம். ஆம், தோழர்களே, இந்தக் கையால்தான் எழுதினோம்.

அழைப்புமணி ஒலித்தது. கதவைத் திறந்தோம். தலைமுதல் கால்வரை நனைந்து, மூச்சு வாங்க நின்றான் ஓர் இளைஞன். மழைக்கோட்டு அவன் மேலே இல்லை. நம் பொட்டலத்தைப் போர்த்தியிருந்தது.

"ஐயா! நீங்களா?"

மூன்றாண்டுகளுக்கு முன் மூன்றாம் பெஞ்சிலே அமர்ந்திருந்தவன். பன்னிரண்டாம் வகுப்பிலே கணக்கில் முதல்வன். உள்ளே வரச் சொன்னோம். "தரை ஈரமாகும் ஐயா" என்று வாசலிலேயே நின்றான். துண்டு கொடுத்தோம், தண்ணீர் கொடுத்தோம்.

"என்ன தம்பி, இப்படி இரைக்கிறது? லிஃப்ட் பழுதா?"

"ஓடுது ஐயா. எங்களுக்குத்தான் இல்லை. கீழே பலகை இருக்கே, நீங்க பார்க்கலையா?"

கேட்டுவிட்டு நிற்க அவனுக்கு நேரமில்லை. கைப்பேசி அடுத்த வீட்டுக்கு விரட்டியது. படிகளில் தடதடவென்று இறங்கிவிட்டான். நாம் லிஃப்டில் இறங்கிப் பார்த்தோம். பொத்தானுக்கு மேலே, நம் கண்மட்டத்திலே தொங்கியது அந்தப் பலகை: டெலிவரி ஆட்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் அபராதம்.

எட்டு மாதங்களாக நாள்தோறும் இருமுறை அதன் எதிரே நின்றிருக்கிறோம். படிக்கத் தெரியாதவரா நாம்? பட்டம் பெற்றவர்! பிறருக்குப் படிப்பிக்கிறவர்! ஆயினும் படித்ததில்லை. அது நமக்கு எழுதப்பட்டதன்று என்பதால் நம் கண் அதைத் தாண்டிச் சென்றது. மூன்றாம் மாடிச் செல்வந்தரின் நாய் அந்த லிஃப்டிலேதான் காலையும் மாலையும் உலாவப் போகிறது, அதற்கு அபராதமில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வகுப்பிலே வைக்கம் கிளர்ச்சியைக் கற்பித்த நாள் நினைவுக்கு வந்தது. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களிலே ஒரு சாரார் நடக்கக் கூடாதென்ற தடை. அதை எதிர்த்து 1924இல் எழுந்த போராட்டம். ஈரோட்டிலிருந்து சென்று பெரியார் சிறைப்பட்ட வரலாறு. "அந்தத் தெருவிலே நடந்தவங்க யாருமே தடையைத் தப்புன்னு நினைக்கலையா ஐயா?" என்று கேட்டவன் இதே மாணவன். "பழக்கம், தம்பி! பழக்கம் கண்ணை மறைத்துவிடும்" என்று பெருமிதத்தோடு விடை சொன்னோம். அன்று சொன்ன விடை, இன்று நம் வீட்டுப் படியேறி வந்து நம்மையே கேள்வி கேட்டது.

மறு ஞாயிறு அவனை வரவழைத்தோம். லிஃப்டிலே அழைத்து வந்தோம். தேநீர் அருந்தியபடி அவன் தன் தொழிலை விளக்கினான். ஊரெங்கும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கிடங்கு. 'டார்க் ஸ்டோர்' என்று பெயர். இருட்டுக்கடை என்று சொல்லலாம். ஆனால் திருநெல்வேலியிலே அல்வாவுக்குப் பேர்போன இருட்டுக்கடை அன்று! அதிலே வாங்குவோர் நுழைவதில்லை. அலமாரிகளுக்கிடையே ஓடியோடிப் பொருளெடுப்போர் மட்டுமே உண்டு. கேட்பு வந்ததும் இரண்டு மூன்று நிமிடத்தில் கட்டி முடிக்கவேண்டும். பிறகு வண்டி. இரண்டு கிலோமீட்டர் தொலைவை மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் ஆறு நிமிடம்.

"மூணும் ஆறும் ஒன்பது. மிச்சம் ஒரு நிமிஷம் ஐயா. அதுக்குள்ளே வாசல் காவலரிடம் பெயர் எழுதி, வண்டியை நிறுத்தி, நாலு மாடி ஏறணும். மழை அந்தக் கணக்கிலே இல்லை. படிக்கட்டும் இல்லை."

கணக்கிலே முதல்வன் போட்ட கணக்கு! வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, பழுதுச் செலவு அவனுடையது. அவனுக்குப் பெயர் தொழிலாளி அன்று, 'டெலிவரி பார்ட்னர்'. பங்காளியாம்! இலாபம் பிரிக்கும்போது தெரியாத பங்காளி. விபத்து நேரும்போது தன் பங்கை மட்டும் தவறாமல் பெறும் பங்காளி! தந்தை நோயுற்றதால் பி.காம். படிப்பைப் பாதியில் விட்டு இந்தப் பங்குக்கு வந்திருக்கிறான்.

பொருளை வீடுதேடிக் கொடுப்பது புதுமையன்று. தபால்துறை 1877இலேயே வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுத்தால் போதும். அந்த முறையிலே நூல் வரவழைத்துப் படித்து அறிவு வளர்த்த சிற்றூர் இளைஞர் எத்தனை பேர்! 2007இல் பெங்களூரில் தொடங்கிய ஃபிலிப்கார்ட், 2010இல் வீட்டு வாசலிலே பணம் பெறும் முறையைக் கையாண்டபோது, அந்தப் பழைய வழிதான் புதிய சட்டை போட்டு வந்தது. ஆனால் தபால்காரருக்கு மாதச் சம்பளம் இருந்தது, விடுமுறை இருந்தது, முதுமைக்கு ஓய்வூதியம் இருந்தது. இவனுக்கோ நட்சத்திரங்கள் மட்டும் இருக்கின்றன, ஒன்று முதல் ஐந்து வரை!

வளர்ச்சியை நாம் வெறுப்பவரல்லர். வண்டிமாட்டுக் காலத்துக்குத் திரும்புவோம் என்பது பகுத்தறிவன்று. முதியவருக்கு மருந்தும், கைக்குழந்தையை விட்டு நகரமுடியாத தாய்க்குப் பாலும் வாசலுக்கு வருவது நன்மையே. நாட்டிலே இவ்வகைத் தொழிலாளர் 2020–21இல் 77 லட்சம் என்றும், 2029–30இல் 2 கோடியே 35 லட்சம் ஆவர் என்றும் நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. இத்தனை பேர் உழைப்பை வேண்டாமென்று யார் சொல்வது? உழைப்புக்கு உரிமை வேண்டும் என்பதே நம் வாதம்.

அந்தத் திசையிலே சில அடிகள் எடுத்து வைக்கப்பட்டும் உள்ளன. இராஜஸ்தான் 2023இல் இவர்களுக்கென்று தனிச் சட்டம் செய்தது. தமிழ்நாடு அதே ஆண்டில் நலவாரியம் அமைத்தது. 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரிலே இவர்களுக்குக் குளிரூட்டிய ஓய்வறை திறந்தது. நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை இவர்கள் நலனுக்குத் தரவேண்டும் என்னும் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, நாம் முறையீடு எழுதிய அதே கார்த்திகையில், 2025 நவம்பர் 21இல், நடைமுறைக்கு வந்தது. 2026 ஜனவரியில், ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர் வலியுறுத்தியபின், பிளிங்கிட் நிறுவனம் பத்து நிமிட விளம்பரத்தைக் கைவிட்டது. நல்லவை, போதாதவை, ஆனாலும் நல்லவை. ஆனால், எந்தச் சட்டமும் நம் லிஃப்ட் பலகையைக் கழற்றவில்லை. அது நம் வேலை.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலே எழுந்தோம். "அரிசி சமையலறை வரை வரலாம், அதைச் சுமந்த கை லிஃப்ட் பொத்தானைத் தொடக் கூடாதா?" என்று கேட்டோம். "பாதுகாப்புக்காக, சார்" என்றார் செயலாளர். படிக்கட்டு வழியாகத் திருடன் வரமாட்டானா என்று கேட்டோம். "சுத்தத்துக்காக" என்றார் இன்னொருவர். தீட்டு என்ற பழஞ்சொல்லை யாரும் சொல்லவில்லை. அது சொல்லை மாற்றிக்கொண்டு பிழைக்கக் கற்றுவிட்டது. 2024 மார்ச்சில் சொமாட்டோ நிறுவனம், சைவ உணவு கொண்டுசெல்வோருக்குப் பச்சைச் சட்டை என்று அறிவித்து, கண்டனம் எழுந்ததும் மறுநாளே சட்டையைக் கைவிட்டதே, நினைவிருக்கிறதா? சோற்றுப் பெட்டியிலே ஏறி உட்கார்ந்துகொண்டு மனுவும் ஊர்சுற்றப் பார்க்கிறார்!

"வாடகைக்கு இருப்பவர் கூட்டத்திலே பேச விதியில்லை" என்று நம்மை அமர்த்தினார்கள். மறுநாள் வீட்டு உரிமையாளர் அழைத்தார். "வாத்தியாரே, பிடிக்காவிட்டால் வேறு வீடு பார்க்கலாமே" என்றார், இனிமையாகத்தான்.

வேறு வீட்டிலும் அந்தப் பலகை இருக்கும். ஆகவே இங்கேயே இருக்கிறோம். பலகை கழற்றப்படும்வரை லிஃப்டில் ஏறுவதில்லை என்று முடிவு செய்தோம். காலையும் மாலையும் எழுபத்திரண்டு படிகள். முதல் வாரம் கேலி செய்தார்கள். இரண்டாம் வாரம் இரண்டாம் மாடியிலே மகன் வீட்டில் வாழும், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், முழங்கால் வலியோடு நம்முடன் ஏறினார். "வேண்டாம் ஐயா" என்று தடுத்தோம். "அந்தக் காலத்திலே லிஃப்ட் இல்லை, ஏறினேன். இருக்கும்போதே ஏறவைக்கிற கொடுமையை இப்போதுதான் பார்க்கிறேன் தம்பி" என்றார். இன்று கல்லூரி மாணவியர் இருவரையும் சேர்த்து நாம் நால்வர். பலகை இன்னும் தொங்குகிறது. அதைப் படிப்பவர் தொகை மட்டும் வளர்ந்திருக்கிறது.

ஒன்று உண்டு, இன்றும் உறுத்துவது. அன்று எழுதிய முறையீட்டைத் திரும்பப் பெற முயன்றோம். செயலியிலே அதற்கு இடமில்லை. தவறு என்று எழுத வழி உண்டு. தவறு நம்முடையது என்று எழுத வழியில்லை. அதனால்தான் இந்த ஏட்டிலே எழுதுகிறோம்.

தோழர்களே! ஊர்ப் பலகைகளை எதிர்க்கப் புறப்படும் முன், உங்கள் வீட்டு வாசலிலே தொங்கும் பலகையை ஒருமுறை நின்று படியுங்கள்.